தூரத்தை அளப்பதா, நேரத்தை அளப்பதா?

ஒரு நகரத்தின் போக்குவரத்து வசதியைப் பற்றிப் பேசுங்கால், எத்தனை பஸ்கள் ஓடுகின்றன, எத்தனை கிலோ மீட்டர் ரயில் பாதை போடப்பட்டிருக்கிறது என்று கணக்கிடுவது வழக்கம். இக்கணக்கு வண்டிகளைப் பற்றியது, மக்களைப் பற்றியதன்று. அவ்வண்டிகள் யாருக்கு எட்டுகின்றன, எவ்வளவு நேரத்தில் எட்டுகின்றன என்பதையே நாம் அளந்தறிதல் வேண்டும்.

இத்துறையில் வழங்கும் ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழில் பெயர்க்க முற்படும்போது ஓர் உண்மை புலனாகிறது. அவ்வொரு சொல் இரு பொருள்களைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. வண்டியை அணுகுதல் ஒன்று. அவ்வண்டியின் உதவியால் வேலைத்தலம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சென்றடைதல் மற்றொன்று. அணுகுதல் வழியேயன்றி முடிவன்று. வால்டர் ஹான்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1959-ல் இதனை ஒரு கணக்காகவே வகுத்துக் காட்டினார். ஓரிடத்தாருக்குள்ள வாய்ப்புகளைக் கூட்டும்போது, பயண நேரம் மிகுந்தவற்றுக்குக் குறைந்த மதிப்பே கொடுத்தல் வேண்டும் என்பது அவர் முறை.

ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட வளர்ச்சி இலக்குகளுள் 11-ஆவது, நகரங்களைப் பற்றியது. அதன்கீழ், பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள்ளோ, ரயில் நிலையம் 1 கிலோ மீட்டருக்குள்ளோ இருப்பவர் வசதி பெற்றவராக எண்ணப்படுகிறார். பல நாடுகளை ஒப்பு நோக்க இவ்வளவுகோல் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயின் இதனோடு நின்றுவிடின் தவறான முடிவுக்கு வருவோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் வீட்டிலிருந்து நிறுத்தம் 400 மீட்டர் தூரத்தில் உள்ளது. நிமிடத்திற்கு 80 மீட்டர் நடந்தால் 5 நிமிடத்தில் அங்கே சேர்வார். 40 நிமிடங்களுக்கு ஒரு பஸ் வருமாயின் சராசரியாக 20 நிமிடங்கள் காத்திருப்பார். ஆக 25 நிமிடங்கள். மற்றொருவருக்கு நிறுத்தம் 800 மீட்டர். நடை 10 நிமிடம். 6 நிமிடங்களுக்கு ஒரு பஸ் வருவதால் காத்திருப்பு 3 நிமிடம். ஆக 13 நிமிடங்கள். ஆயினும் 500 மீட்டர் விதி முன்னவரை வசதி பெற்றவர் என்றும், பின்னவரை வசதியற்றவர் என்றும் கூறும்!

லண்டன் மாநகரில் 1992 முதல் வளர்ந்து வந்துள்ள முறை நடையையும் காத்திருப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பஸ் நேரந் தவறுவதற்கென மேலும் 2 நிமிடங்களைக் கூட்டுகிறது. நம் நாட்டில் இக்கூட்டுத்தொகை போதுமா என்பதை நேரில் பார்த்தே துணிய வேண்டும். 20 நிமிடங்களுக்கு ஒன்றாக வரவேண்டிய பஸ்கள் 40 நிமிடங்களுக்கு இரண்டாகச் சேர்ந்து வந்தால், அட்டவணை பொய்யாகாது எனினும் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாக உயர்ந்துவிடும். முதியவர் ஒருவர் நிமிடத்திற்கு 40 மீட்டரே நடப்பாராயின் அவருக்கு நடை நேரமும் இரட்டிக்கும்.

தில்லியின் மேற்கெல்லையிலுள்ள சாவ்தா கேவ்ராவை நோக்குக. நகரின் உட்பகுதிக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2006 முதல் அங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்கள் வீடு மாறிற்று. வேலைத்தலம் உடன் வரவில்லை. கேவ்ராவில் நிலையங்கொண்ட மெட்ரோ பாதை 2018-ல் திறக்கப்பட்டது. படத்தில் பாதை அணுகிவிட்டது. உட்சந்து ஒன்றிலிருந்து நடைமேடையை எத்தனை நிமிடத்தில் அடையலாம், அங்கிருந்து பழைய வேலைத்தலத்திற்கு எத்தனை நிமிடம் என்பனவற்றைப் படம் கூறாது. 2011 மக்கட் கணக்கெடுப்பும் வேலைத்தலத்தின் தூரத்தையும் செல்லும் வாகனத்தையும் கேட்டதேயன்றி, பயண நேரத்தைக் கேட்கவில்லை.

நேரத்தை அளப்பது செலவு மிக்கது என்பர். தூரத்தை அலுவலகத்திலிருந்தே அளந்துவிடலாம் என்பதும் உண்மையே. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வசதி பெற்றது என்று ஒருமுறை பதிவேட்டில் குறிக்கப்பட்ட பகுதிக்குப் புதிய பஸ் கேட்பது எளிதன்று. ஆகவே பிழையான அளவு வெறும் எண் பிழையன்று; அது சிலருடைய பிழைப்பையே பாதிப்பது.

இப்பணியில் வெளிக்கள ஊழியர்களும் ஆசிரியர்களும் பெரிதும் உதவக்கூடும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடக்கும் நிமிடங்களைக் குறித்து வரலாம். காலை, நண்பகல், இரவு என மூன்று வேளைகளில், வேளைக்கு ஒரு மணி நேரம், பஸ் வந்த நேரங்களை எழுதி வைக்கலாம். சாலையைக் கடக்க வழியுண்டா, மழைநீர் தேங்குமா, விளக்கு எரிகிறதா என்பனவற்றையும் ஊழியர்கள் உடன் குறித்தல் நலம். இதற்கு வேண்டியவை ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடுமே. இவ்வாறு தொகுத்த குறிப்புகள், திட்டம் வகுப்போர் மேசையில் தூரக் கணக்கின் பக்கத்திலேயே வைக்கப்படுதல் வேண்டும்.