பழைய டிராக்டரும் மாற்று எஞ்சினும்

திருவண்ணாமலை ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாசலைத் தொட்டுச் செல்லும் செங்கம் சாலையில், 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் பக்தர்கள் வெறுங்காலுடன் நடக்கின்றனர். சுற்றுக் கிராமங்களின் நெல்லையும் கரும்பையும் ஏற்றிய டிராக்டர்களுக்கும் அதுவே வழி. ஆகவே, டிராக்டருக்குள் எந்த எஞ்சின் இருக்கின்றது என்பது அதன் சொந்தக்காரருடைய கவலை மாத்திரமன்று.

புதிய டிராக்டருக்குப் பல லக்ஷம் ரூபாய் வேண்டும். கியர்ப் பெட்டியும் பின் அச்சும் திடமாயிருக்க, எஞ்சின் மட்டும் தேய்ந்துபோன விவசாயி, உடைத்த காரின் எஞ்சின் சகாயமாகக் கிடைக்கின்றதென்றால் அதனைப் பூட்ட நினைப்பது இயல்பே. நாம் அதைப் பரிகசிக்க மாட்டோம். இங்கிலாந்தில் 1948 முதல் போர்ட்ஸன் மேஜர் டிராக்டரில் பெர்க்கின்ஸ் பி-6 என்னும் வேறு கம்பெனியின் டீசல் எஞ்சினைப் பூட்டி விற்றனர். அமெரிக்கக் குடியானவர்கள் யுத்தகாலத்தில் பழைய மோட்டார் கார்களையே டிராக்டர்களாக்கி உழுதனர். சீமையில் செய்தால் சாதுரியம், நம்மூர்ப் பட்டறையில் செய்தால் குற்றம் என்பது என்ன நியாயம்?

ஆனால் சாதுரியம் வேறு, சாகசம் வேறு. பெரும்பாலான டிராக்டர்களில் எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. முன் அச்சின் பாரத்தை வார்ப்பிரும்பு எஞ்சினே தாங்குகின்றது. கார் எஞ்சினின் அடியிலுள்ள தகட்டு எண்ணெய்த் தொட்டி அதைத் தாங்குமா? இருபுறமும் உறுதியான இரும்புச் சட்டம் அமைக்காமல் பூட்டினால் வண்டி நடுவில் முறியும். முன்பாரம் குறைந்தால், இழுக்கும்போது முகப்புத் தூக்கி ஓட்டுபவர்மீதே கவிழும்.

அதினும் பெரிய அபாயம் வேகம். டிராக்டர் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் வேலை செய்வது. கலப்பை மண்ணைவிட்டு எழும்பினாலும் கவர்னர் அதைக் கட்டுப்படுத்தும். பெட்ரோல் கார் எஞ்சினோ 5,000 சுற்றுவரை பாயும். வயல் வேலைக்கேற்ற கவர்னர் அதற்கில்லை. 540 சுற்றுக்கென்று அமைந்த பி.டி.ஓ. தண்டு அதன் இருமடங்கு சுழன்றால் ரோட்டவேட்டர் என்னவாகும்? 30 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்த பிரேக்கை நம்பி, பிரேக்கே இல்லாத டிரெயிலருடன் 60 கிலோமீட்டரில் செங்கம் சாலையில் வருவதை எண்ணவே நெஞ்சு நடுங்குகின்றது. காற்று வீச்சை நம்பிய கார் ரேடியேட்டர், சேற்றுழவில் கொதித்துவிடுவது தனிக்கதை.

வடநாட்டில் பம்புசெட் எஞ்சினைப் பூட்டிய ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-இல் தீர்ப்பளித்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுப் புத்தகத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. அனுமதியின்றி மாற்றிய வண்டி ஒருவரை மோதிவிட்டால், இன்ஷுரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய இடமுண்டு; நஷ்டஈட்டுக்கு நிலத்தையே விற்க நேரலாம்.

தடுப்பதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடுமா? குறைந்த வாடகைக்கு டிராக்டர் அனுப்பும் வேளாண்மைப் பொறியியல் துறையில் யந்திரம் தெரிந்த பொறியியலாளர்கள் இருக்கின்றனர். சம சக்தியுள்ள, கவர்னருடன் கூடிய டீசல் எஞ்சினை எவ்விதம் பூட்டலாமென்று அவர்கள் பட்டறைக்காரருக்குக் கற்பிக்கட்டும். சட்டம், பிரேக்கு, தண்டின் வேகம் இவற்றைச் சோதித்துச் சொற்பக் கட்டணத்தில் சான்று வழங்க வழிசெய்யட்டும். அதுவரையில் அத்தகைய வண்டிகள் வயலோடு நிற்கட்டும். செங்கம் சாலைக்கு வரவேண்டாம்.