மழலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

அன்பு வாசகர்களுக்கு,

திருச்சி புத்தூரில் வளரும் குழந்தையின் நாக்குக்கு ஊர்ப் பெயர்களே பெரிய வேலை வைத்துவிடுகின்றன. குழுமாயி அம்மன் 'துயுமாயி' ஆகிறாள். உய்யக்கொண்டான் வாய்க்கால் முன்பாதியைத் தொலைத்துவிட்டுத் 'தொண்டான்' என்று நிற்கிறது. "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுக் கேட்டு வீடே சிரிக்கிறது.

சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டுக் காது கொடுத்துப் பாருங்கள். 'காக்கா'வைத் 'தாத்தா' என்னும் குழந்தை, 'கை'யைத் 'தை' என்றுதான் சொல்லும். அடிநாக்கை உயர்த்திச் சொல்ல வேண்டிய ககரம் வசப்படாததால், நுனிநாக்கால் பல்லைத் தொட்டுத் தகரமாக்கிக்கொள்கிறது. காற்றை உரசவிட வேண்டிய 'சாமி', காற்று அடைபட்டுத் 'தாமி' ஆகிறார். 'மரம்' 'மயம்' ஆகும். நீளமான சொல்லில் ஓரிரு அசைகள் உதிரும். உதட்டாலும் நுனிநாக்காலும் எளிதில் பிறக்கும் ப, ம, த முன்னால் வர, ர, ழ, ற கடைசியில் வந்து சேர்கின்றன. ககரம் பெரும்பாலும் 4 வயதுக்குள் சரியாகிவிடும். ரகர, ழகரங்களுக்குச் சில குழந்தைகள் 5, 6 வயது வரைகூட எடுத்துக்கொள்ளும். நம்மில் பலரே 'வாளப்பளம்' வாங்கும்போது, ழகரத்துக்காகக் குழந்தையை அதட்டுவது நியாயமா?

குழந்தை தவறாகச் சொல்வதால் தவறாகத்தான் கேட்கிறது என்று எண்ண வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் 1960-இல் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். தன் பொம்மை மீனை 'ஃபிஷ்' என்னாமல் 'ஃபிஸ்' என்றது அது. பெரியவர் அப்படியே திருப்பிச் சொன்னதும் மறுத்தது. 'ஃபிஷ்' என்று சொன்ன பிறகே ஒப்புக்கொண்டது. காதுக்குத் தெரிந்தது வாய்க்கு வர நாளாகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என் வேண்டுகோள் இது: மழலையை நாமும் திருப்பிப் பேச வேண்டாம், "சரியாச் சொல்லு" என்று நிறுத்திவைக்கவும் வேண்டாம். "தாத்தா பதந்துதுச்சு" என்றால், "ஆமாம்மா, காக்கா பறந்துடுச்சு, எங்கே போச்சு?" என்று பேச்சைத் தொடருங்கள். சரியான ஒலி காதில் விழுந்தால் போதும். விருந்தாளி முன்னால் சொல்லிக்காட்டச் செய்வதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். குழந்தைக்கும் வெட்கம் உண்டு.

பொறுமைக்கும் ஓர் எல்லை வேண்டும். 2 வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, 4 வயதாகியும் வெளியாருக்குப் பேச்சு புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, அடிக்கடி காதில் சீழ் வடிகிறது என்றால் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். கேளாத ஒலி வாயில் வராது. புத்தூரிலேயே மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை கேட்புக் குறையும் பேச்சுத் தாமதமும் பார்க்கப்படுகின்றன. சீக்கிரம் போனால் சீக்கிரம் பலன் கிடைக்கும்.

உங்கள் வீட்டு மழலைச் சொற்களை வயதோடு குறித்து எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் குறிப்பில் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். மருத்துவரிடம் போக நேர்ந்தால், அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்