பிம்ஸ் பூங்காவில் ஒரு ஞாயிறு தாருங்கள்

என்ஃபீல்ட் கவுன்சில் தலைவர் அவர்களுக்கு,

லண்டன் எட்மண்டனில் குடியிருக்கும் ஓவியர்களில் ஒருத்தி எழுதுகிறேன். நிதியுதவி கேட்டு இதை எழுதவில்லை. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிம்ஸ் பூங்காவின் நடைபாதையோரம், நாங்கள் வரைந்ததை நாங்களே வைத்து விற்க இடம் தாருங்கள் என்று கேட்கிறேன்.

எங்கள் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு நீர்வண்ண ஓவியத்துக்கு 120 பவுண்ட் விலை வைக்கிறேன் என்று வையுங்கள். பிரேம் போட 40 பவுண்ட். காலரிகள் விற்ற விலையில் பாதிவரை கமிஷன் எடுப்பது இந்த ஊர் வழக்கம், அது 60. மிச்சம் 20 பவுண்டுக்குள் தாள், சாயம், தூரிகை, ஒரு வாரத்து உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும்.

இணையத்தில் விற்கலாமே என்பார்கள். விற்கிறோம்தான். வாழ்த்து அட்டையும் அச்சுப் பிரதியும் அதில் போகும். கையால் வரைந்த மூலப்படம் லேசில் போகாது. அதை வாங்குகிறவருக்கு நேரில் பார்த்தால்தான் மனம் வரும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். தாளின் சொரசொரப்பில் சாயம் தேங்கிக் காய்ந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்பார். பின்பக்கம் திருப்புவார். பிறகு, “இது எட்மண்டன் கிரீன் சந்தைதானே, அந்தக் கிழங்குக் கடை மூலை?” என்று கேட்பார். தன் ஊரை அடையாளம் கண்டவர் பெரும்பாலும் வெறுங்கையோடு போவதில்லை.

இப்படி ஒரு சந்தை வேறு ஊர்களில் நன்றாகவே நடக்கிறது. கொழும்பில் ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இல் ‘கலா பொல’ என்ற ஓவியச் சந்தையைத் தொடங்கியது. தேசிய கலைக்கூடத்தை ஒட்டிய சாலையில் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் படங்களை வரிசையாக வைத்து, பக்கத்திலேயே நின்று விற்கிறார்கள். காலரி வாசலை மிதிக்கவே கூச்சப்படுகிற குடும்பங்கள்கூடப் பிள்ளைகளோடு வந்து விலை பேசுகின்றன. பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் ‘சித்ர சந்தே’ நடத்துகிறது. சென்னையை அடுத்த சோழமண்டலமோ இன்னும் ஒரு படி மேலே போனது: கே.சி.எஸ். பணிக்கரும் அவருடன் இருந்த ஓவியர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் தங்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பேஸ்வாட்டர் ரோட்டில் ஞாயிறுதோறும் பூங்கா வேலிக் கம்பிகளில் ஓவியர்கள் தங்கள் படங்களைத் தொங்கவிட்டு விற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மத்திய லண்டனுக்குக் கிடைக்கிற இடம் எட்மண்டனுக்கும் கிடைக்கட்டும்.

பிம்ஸ் பூங்காவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எட்மண்டன் கிரீன் வணிக வளாகம் தனியாருடையது. அங்கே நீங்கள் சொல்லி ஆவது குறைவு. பூங்கா உங்கள் கையில் இருக்கிறது. 1906 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சில்வர் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் பக்கத்திலேயே. மழை பிடித்துக்கொண்டால் அதே சில்வர் ஸ்ட்ரீட்டில் மில்ஃபீல்ட் ஹவுஸ் கட்டடம் இருக்கிறது, அதற்குள் மாறிக்கொள்ளலாம்.

நிபந்தனைகளைக் கடுமையாகவே வையுங்கள். தன் கையால் செய்ததை மட்டுமே விற்கலாம். இறக்குமதி அச்சுப் படங்களுக்கு இடமில்லை. மேசைக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குங்கள், விற்பனையில் பங்கு வேண்டாம். ஆளுக்கு ஆள் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்டால் முதல்முறை விற்க வருகிறவர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார். நிகழ்ச்சி முழுவதற்கும் ஒரே காப்புறுதி எடுங்கள். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். தண்ணீரில் சாயம் மிதக்கவிட்டுத் தாளில் ‘எப்ரு’ எடுக்கிற துருக்கி அக்காவுக்கும், சமையலறை மேசையில் படம் வரைகிற நம் தமிழ் அம்மாவுக்கும் ஆங்கிலப் படிவம்தான் முதல் தடை. அதை நிரப்ப நூலகத்தில் ஒருவரை உதவிக்கு அமர்த்துங்கள்.

அடுத்த கோடைக்கான பூங்கா நிகழ்ச்சிகள் முடிவாவதற்கு முன் எங்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எந்த நடைபாதையில் எத்தனை மேசை போடலாம் என்ற வரைபடத்தை நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
எட்மண்டன் ஓவியர் ஒருத்தி