நன்னீர் மீன்கள் ஊமையல்ல

கடல் மீன்களே ஒலி எழுப்பும், ஏரியூரை அடுத்த நாகமரையில் பரந்து கிடக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்து மீன்கள் ஊமைகள் என்னும் வாதம், கரையில் நிற்பவரின் காதையே அளவுகோலாகக் கொள்கிறது. நீருக்குள் எழும் ஒலி, நீர்ப்பரப்பில் மோதி ஏறத்தாழ முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுவதால், கரையின் அமைதி எதற்கும் சான்றாகாது. கடற்கத்தாளை, மிதப்பைச் சீர்செய்யும் உறுப்பாகிய காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து உறுமுகிறது என்றால், நன்னீர்க் கெளுத்தி மார்புத் துடுப்பு முள்ளின் அடியை அதன் குழியில் உராய்த்துக் கிறீச்சிடுகிறது. வலையிலிருந்து கெளுத்தியைப் பிரித்தெடுக்கும் பரிசல்காரரிடம் (முள் குத்திய கையோடு நிற்பவரிடம்) இவ்வாதம் எடுபடாது. கேட்கும் திறனிலோ நிலைமை தலைகீழ்: கெளுத்தி, கெண்டை இனங்களில் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புகள், 1820இல் எர்ன்ஸ்ட் வெபர் விவரித்தவை, அமைந்திருப்பதால், அவை கடல்மீன்கள் பலவற்றைவிட நுண்ணிய ஒலிகளைக் கேட்கின்றன.