கருவியா, கண்ணா?

நம் மாணவ நண்பர்கள் பலர் நாள்தோறும் ஒரு படம் எடுத்துப் பகிர்ந்து கொள்கிறார்கள். நல்ல பழக்கம், பாராட்டுகிறேன். ஆனால் பத்துப் படம் முடிவதற்குள் பேச்சு புதுக் காமிராவுக்குத் தாவிவிடுகிறதே, ஏன்?

கணக்கைப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் 24 ஆனால் தெளிவு இரட்டிப்பாவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடும். விலை மட்டும் அந்த அளவோடு நிற்பதில்லை!

மா. கிருஷ்ணனை (1912–1996) எண்ணிப் பாருங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். பல கருவிகளின் உறுப்புகளைக் கூட்டித் தாமே அமைத்த காமிராவைச் சுமந்து காடு காடாய் நடந்தார். கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் படம் பிடித்தார். 1970இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

நானும் குற்றவாளியே. உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் புது லென்ஸுக்காகக் காத்திருந்தேன். கோவிந்தாபுரத்தில், முதலமடை மாந்தோப்புகளில் காய் பொறுக்கியே காலம் கழித்த என் பாட்டி அதற்குள் கண்ணை மூடிவிட்டார். எங்களுக்கு மிஞ்சியது ரேஷன் அட்டையிலுள்ள மங்கிய முகம் ஒன்றே. என் கையில் அன்றும் கைப்பேசி இருந்தது!

நண்பர்களே, கருவி வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், இருக்கும் கருவியாலேயே வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுங்கள். லென்ஸ் அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும்.