ஆதி நொடியைத் தேடுவது வீண்தானா?

“அணுவைப் பிளந்தாயிற்று; இன்னும் எதைத் தேடுகிறார்கள்? அந்தப் பணத்தில் நாலு ஊருக்குக் கிணறு வெட்டலாமே!” என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோம். கிணறு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. கோடையில் குடத்தோடு நடப்பவர்கள் எங்கள் வீட்டுப் பெண்களே. ஆயினும் மாணவியராகிய எங்கள் கருத்து வேறு.

அணுக்கருவிலுள்ள புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் உள்ளன. குளுவான்கள் அவற்றைப் பசைபோல் பிணைத்திருக்கின்றன. தனிக் குவார்க்கை எவரும் பிரித்தெடுத்ததில்லை. ஆனால் அண்டம் தோன்றியவுடன், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம், புரோட்டான்களே இல்லை. குவார்க்குகளும் குளுவான்களும் கட்டின்றித் திரிந்தன. அதுவே குவார்க்-குளுவான் பிளாஸ்மா. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில், ஈய அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிட்டு 2010 முதல் அதை ஆராய்கிறார்கள். சூரியனின் மையத்தைவிட லட்சம் மடங்குக்கு மேல் வெப்பம்! கண் இமைக்குமுன் அது மறைந்துவிடும். சிதறும் துகள்களைக் கொண்டே அதை அறிய வேண்டும். வாயுபோல் இருக்குமென எதிர்பார்த்தார்கள். அதுவோ நீர்போல் ஓடுகிறதாம்!

நம் பகுதியிலுள்ள உத்திரமேரூரில், 1100 ஆண்டுகளுக்கு முன் நடந்த குடவோலைத் தேர்தலின் விதிகள் கோயில் சுவரில் உள்ளன. அக்கல்வெட்டைப் படித்தவர்களிடம் “என்ன லாபம்?” என்று யாரும் கேட்பதில்லை. அண்டத்தின் முதல் நொடிக்குக் கல்வெட்டு ஏது? அந்நிலையை மீண்டும் உண்டாக்கித்தான் பார்க்க வேண்டும்.

கடவுளின் படைப்பில் கை வைக்கலாமா என்று அஞ்சுவோரும் உண்டு. அண்டம் ஓர் ஆதி அணுவிலிருந்து தோன்றியது என்று 1931-இல் சொன்னவர் ஜார்ஜ் லெமைத்தர் என்னும் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவே! 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் இவ்வாராய்ச்சியைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துரைத்தபோது அவர் மகிழவில்லை. வேதத்தையும் விஞ்ஞானத்தையும் கலக்கக் கூடாதென்பது அவர் எண்ணம். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இது அயல்நாட்டார் வேலை மட்டுமன்று. கொல்கத்தாவில் பிகாஷ் சின்ஹா (2023-இல் காலமானார்) வளர்த்த குழுவினர், புவனேஸ்வரம், சண்டிகர், ஜம்மு, ஜெய்ப்பூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒளித்துகள்களை எண்ணும் கருவியைச் செய்து செர்னின் ‘ஆலிஸ்’ சோதனைக்கு அளித்தனர். கொல்கத்தா சாகா நிலையம் வடிவமைத்த ‘மானஸ்’ மின்னணுச் சில்லு சண்டிகரில் தயாரானது. வெளியே வாங்காமல் இங்கேயே செய்யக் கற்றது லாபமில்லையா?

2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. நம்மவர் அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டு எங்களில் இயற்பியல் படிக்க விரும்புவோரிடம் “பெண்ணுக்கு எதற்கு?” என்று கேளாது சேர்த்துவிடுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.