பட்டினிக் கலைஞர்களும் பாதி மாத்திரையும்

நமது புதுக்கவிதையில் பசிக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆத்மாவுக்கு வரும் பசி. பெரும்பாலும் இரவில், தனியாக இருக்கும்போது வருவது. வம்சாவளி தெரிந்ததுதான். ஹாம்சனின் 'பசி' நாவல் 1890. காஃப்காவின் பட்டினிக் கலைஞன் கதை 1922. சாகும் தறுவாயில் அந்தக் கலைஞன் சொல்லும் காரணம், தனக்குப் பிடித்த உணவு கிடைக்கவில்லை என்பது. காஃப்காவின் ஏளனத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டினியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

பாங்கில் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆயிற்று. நாளுக்கு 40 ரூபாய். ரேஷன் அரிசி இலவசம், ஆகவே சோறு உண்டு. காய்க்கும் முட்டைக்கும் காசு வேண்டும். சர்க்கரை வியாதிக்காரரை டாக்டர் குறைக்கச் சொல்வது அந்தச் சோற்றைத்தான். சீட்டில் 1-0-1 என்றிருக்கும். மருந்துக் கடையில் பட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை வாங்குகிறவர் அதை 1-0-0 ஆக்கிக்கொள்கிறார், யாரிடமும் சொல்லாமல். கிளிமிபிரைடு போன்றதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கி மயக்கம் வரும். எனவே சாப்பாடு இல்லாத வேளைக்கு மாத்திரையும் இல்லை. மாத்திரை வாங்கிய வாரம் காய் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தானே என்பார்கள். உண்மை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தனியார் டாக்டரின் சீட்டும், கூலி போகுமே என்று ஆஸ்பத்திரி வரிசைக்குப் போகாத நாளும் அதற்கு வெளியே நிற்கின்றன.

இதை எழுதினால் நம்மவர்கள் 'செய்தி' என்று ஒதுக்குகிறார்கள். முற்போக்கு முகாமிலும் இடமில்லை. அவர்களுக்குப் பசித்தவன் கையை உயர்த்த வேண்டும்; நமக்கு அவன் மௌனமாக வானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டிருக்கும் கிழவர் இரண்டு கட்சிக்கும் உபயோகப்படமாட்டார். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட சில மாத்திரைகளை உடைத்தால் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. படிமத்துக்காகப் பிரெஞ்சுக் கவிதை வரைக்கும் போய்வருகிற நமக்கும் தெரியாது. நமக்கு அது மன்னிக்கத்தக்கதல்ல.

அடுத்த இதழுக்கு வந்திருக்கும் கவிதைகளில் 'பசி' என்ற சொல் உள்ளவற்றை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடலாம். எத்தனை மாத்திரை, என்ன விலை, எந்த வேளை விடப்பட்டது என்று விசாரித்துவிட்டுக் கவிஞர்கள் மறுபடி அனுப்பட்டும்.